சுருட்டுப் பெட்டியில் ஒரு கிதார்



என் மேசையின்மீது ஒரு சுருட்டுப் பெட்டி இருக்கிறது. சுருட்டுப் பிடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. உங்களுக்கும் அது வேண்டாம். பெட்டி மட்டும் நல்லது. அந்தப் பெட்டியின் ஊடே ஒரு தேக்குச் சட்டம் செல்கிறது. சட்டத்தின்மேல் மூன்று தந்திகள் ஓடுகின்றன. அவற்றை வரிசையாக மீட்டினால் சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் என மூன்று சுரங்கள் ஒலிக்கின்றன. இதற்குச் சுருட்டுப் பெட்டிக் கிதார் என்று பெயர். இது அமெரிக்க நாட்டில் பிறந்த கருவி. கடையில் பிறந்ததன்று, வீட்டுத் திண்ணையிலே பிறந்தது. இதை எவ்வாறு செய்வது என்று இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இது நான் செய்த இரண்டாவது கருவி. முதலாவது உடைந்து போயிற்று. அந்த உடைந்த கருவியிலிருந்தே தொடங்குகிறேன்.

1964 ஆம் ஆண்டு நான் உறையூரில் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி முடிந்த பிறகு ஒருவர் மாணவர் சிலருக்கு வயலின் கற்றுக்கொடுத்து வந்தார். நானும் போய் நின்றேன். "சொந்தக் கருவி இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கருவி இல்லாமல் வந்து என்ன பயன், தம்பி?" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். என் தந்தையார் தறி நெய்பவர். வயலின் வாங்கித் தரும்படி அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அந்நாளில் எங்கள் ஊரில் சுருட்டுச் சுற்றும் கூடங்கள் இருந்தன. ஒரு கடைக்காரரிடம் வெறும் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஒரு மரச் சட்டத்தின் முனையைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்து ஆணி அடித்தேன். மிதிவண்டியின் பழைய நிறுத்துக் கம்பியைப் பிரித்து, இரண்டு இழைகளைத் தந்தியாகக் கட்டி முறுக்கினேன். அன்று மாலை முழுவதும் அது ஒலித்தது. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது பெட்டியின் பக்கம் பெயர்ந்து, சட்டம் சாய்ந்து கிடந்தது. இசை எனக்கு விதிக்கப்படவில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அதன் பின்னர் ஏறத்தாழ 50 ஆண்டுகள் நான் எந்த இசைக்கருவியையும் தொடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் பின்னர் இயற்பியல் ஆசிரியனானேன். ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சுரமானிச் சோதனையைச் செய்து காட்டினேன். சுரமானி என்பது யாது? ஒரு நீண்ட மரப் பெட்டி. அதன்மேல் ஒரு கம்பி. கம்பியை இழுக்கத் தொங்கவிட்ட எடைகள். அஃதாவது, என்னிடம் இல்லை என்று நான் ஏங்கிய கருவியை ஆண்டுதோறும் என் கையாலேயே மீட்டி வந்திருக்கிறேன்! ஆயினும் அந்தச் சோதனைக்கும் என் உடைந்த பெட்டிக்கும் உள்ள உறவு என் கண்ணில் படவில்லை.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு பழைய படத்தைக் கண்டேன். எட்வின் ஃபோர்ப்ஸ் என்ற ஓவியர் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைகளுடன் சென்று கண்டவற்றை வரைந்தவர். 1876 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட படத் தொகுதியில், பாசறையில் அமர்ந்த ஒரு போர்வீரன் சுருட்டுப் பெட்டியால் செய்த பிடிலை வாசிக்கும் காட்சி இருக்கிறது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இவன் பெட்டி உடையவில்லையே. என் பெட்டி ஏன் உடைந்தது?' என்ற கேள்வி எழுந்தது. 14 வயதில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அமெரிக்காவில் சுருட்டுப் பெட்டி எவ்வாறு இசைக்கருவியாயிற்று என்பதை முதலில் பார்ப்போம். அங்கு 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. போர்ச் செலவை ஈடுகட்ட அரசாங்கம் சுருட்டுக்கும் வரி விதித்தது. வரி செலுத்தியதற்கு அடையாளமான முத்திரைத்தாளை ஒட்டுவதற்கு வாய்ப்பாகச் சுருட்டுகளைப் பெட்டியில் அடைத்து விற்பது சட்டத்தாலேயே நிலைபெற்றது. ஒருமுறை பயன்பட்ட பெட்டியில் மீண்டும் சுருட்டு அடைத்தல் கூடாது என்ற விதியும் வந்தது. ஆகவே, நல்ல மரத்தில் செய்த வெறும் பெட்டிகள் வீடுதோறும் சேர்ந்தன. ஏழைகள் அவற்றைத் துடைப்பக் கழியோடு சேர்த்துக் கம்பி கட்டினார்கள்.

அவர்களுள் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். டெக்சாஸ் மாநிலத்தில் லைட்னின் ஹாப்கின்ஸ் என்பவர் சிறுவனாக இருந்தபோது சுருட்டுப் பெட்டியில்தான் தம் முதல் கிதாரைச் செய்துகொண்டார். பிற்காலத்தில் புளூஸ் இசையில் பெரும்புகழ் பெற்றார். ஓக்லஹோமா நகரில் சார்லி கிறிஸ்டியன் என்ற மாணவர் பள்ளிக் கைத்தொழில் வகுப்பில் சுருட்டுப் பெட்டிக் கிதார்கள் செய்ததை, அவரை இளமையிலிருந்தே அறிந்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் எழுதியிருக்கிறார். அந்த மாணவர் 1939 ஆம் ஆண்டு பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்து, ஜாஸ் இசையில் மின்கிதாருக்கு ஓர் இடம் தேடித் தந்தார். 1942 ஆம் ஆண்டு, 25 வயதிலேயே மறைந்தார்.

ஒன்றை மறவாதீர்கள். வறுமை அழகானது என்பதற்காக அவர்கள் பெட்டியை எடுக்கவில்லை. வேறு வழி இல்லாததால் எடுத்தார்கள். நல்ல கிதார் கிடைத்தவுடன் நல்ல கிதாரையே வாசித்தார்கள். ஆனால் அது கிடைக்கும் நாள்வரை அவர்கள் செவி சும்மா இருக்கவில்லை.

நமக்கும் இதில் சிறு தொடர்பு உண்டு. சுருட்டைக் குறிக்கும் 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல் நம் தமிழ்ச் சொல்லிலிருந்தே சென்றது. 1887 ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலும் திருச்சிச் சுருட்டின் சாம்பலைக் கண்டு துப்பறிவாளர் துப்புத் துலக்குகிறார். சுருட்டு கடல் கடந்து புகழ் பெற்றது. பெட்டிக்குள் இசை இருப்பதை உறையூரில் நான் அறியாமற் போனேன்!

இனி, செய்முறைக்கு வருவோம். உறுப்புகளை நம் வீணையின் உறுப்புகளுக்குரிய பெயர்களாலேயே குறிப்பிடுகிறேன். அவை எளிதில் விளங்கும். பெட்டிதான் குடம். நீண்ட சட்டம் தண்டி. குடத்தின்மேல் தந்திகளைத் தாங்குவது குதிரை. தண்டியின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் மேடு மேரு. விரல் வைக்கும் இடங்களில் குறுக்கே பதிப்பவை மெட்டுகள். தந்தியை முறுக்குவது முறுக்காணி.

வேண்டிய பொருள்கள் இவை: ஏறத்தாழ 24 செ.மீ. நீளமும் 16 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் உள்ள மரப் பெட்டி ஒன்று, 90 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனமுள்ள நேரான தேக்குச் சட்டம் ஒன்று, பற்சக்கரம் வைத்த கிதார் முறுக்காணிகள் மூன்று, கிதாரின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தந்திகள், மேருவுக்கும் குதிரைக்கும் இரண்டு மரையாணிகள், மரப்பசை. கருவிகள்: கைரம்பம், உளி, அரம், துளையிடும் கருவி, உப்புத்தாள், மில்லிமீட்டர் காட்டும் எஃகு அளவுகோல். உளியையும் ரம்பத்தையும் முதன்முறை எடுப்பவர்கள் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருட்டுப் பெட்டி கிடைக்காவிட்டால் மூடி மெல்லியதாக உள்ள எந்த மரப் பெட்டியும் போதும். சுருட்டுப் பெட்டிக்கு வழக்கமாகப் பயன்பட்ட மரத்தை ஸ்பானிய தேவதாரு என்பர். பெயர்தான் தேவதாரு, தாவர நூலார் அதை நம் வேம்பின் குடும்பத்தில் சேர்த்திருக்கின்றனர். அதன் மணம் பூச்சிகளை அண்ட விடாது. அது எடை குறைந்த மரம். ஆதலால் எளிதில் அதிர்வது.

இப்போது, என் முதல் கருவி உடைந்த காரணத்தைக் கேளுங்கள். இம்மூன்று தந்திகளையும் உரிய சுரத்துக்கு முறுக்கினால், அவை சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமம். மெல்லிய பலகையில் அடித்த இரண்டு ஆணிகள் அதை எவ்வாறு தாங்கும்? ஆகவே, தண்டி பெட்டியின் விளிம்போடு நிற்கலாகாது. பெட்டியின் ஒரு பக்கத்தில் புகுந்து, உள்ளே நெடுகச் சென்று, மறுபக்கத்தில் 3 செ.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும். தந்தியின் ஒரு முனை தண்டியின் வாலிலும் மறுமுனை தலையிலும் கட்டப்படும். இழுப்பு முழுவதையும் தேக்கே தாங்கும். பெட்டியின் வேலை ஒலிப்பது மட்டும். ஃபோர்ப்ஸின் படத்தைக் கண்டு இரண்டாம் கருவியைத் திட்டமிட்டபோதுதான் இது எனக்கு விளங்கிற்று. 50 ஆண்டுகள் என் விதியின்மேல் சுமத்திய குற்றம் இரண்டு ஆணிகளின் குற்றமாக முடிந்தது.

பெட்டியின் இரு குறும்பக்கங்களிலும் மேல் விளிம்பிலிருந்து 4 செ.மீ. அகலமும் 2 செ.மீ. ஆழமும் உள்ள பள்ளம் வெட்டித் தண்டியை அதில் அமர்த்துங்கள். தண்டியின் மேல்முகம் பெட்டியின் விளிம்போடு சமமாக இருக்கட்டும். பெட்டிக்குள் இருக்கும் பகுதியில் மட்டும், இரு முனைகளிலும் சிறிது விட்டு, மேல்முகத்தை 3 மி.மீ. ஆழம் செதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்டி மூடியைத் தொட்டுக்கொண்டு நின்று, அதன் அதிர்வை அடக்கிவிடும். மூடியில் 2 செ.மீ. குறுக்களவுள்ள துளைகள் இரண்டு இட்டு, பசை தடவி மூடி, ஓர் இரவு காய விடுங்கள்.

மூடி ஏன் தடையின்றி அதிர வேண்டும்? தந்தி மெல்லியது, தனியே அதிர்ந்தால் மிகச் சிறிதளவு காற்றையே அசைக்கும். அதன் அதிர்வு குதிரை வழியாக மூடிக்கு இறங்குகிறது. அகன்ற மூடி மிகுதியான காற்றை அசைக்கிறது. நாம் கேட்பது பெரும்பாலும் மூடியின் ஒலியே. பெட்டி சிறியதாதலால் தாழ்ந்த சுரங்கள் சற்று மெலிந்தே ஒலிக்கும். அது இக்கருவியின் இயல்பு.

அடுத்து, அளவு. குதிரையை வால்பக்கத்து விளிம்பிலிருந்து 6 செ.மீ. உள்ளே, மூடியின்மேல் வையுங்கள். குதிரையிலிருந்து சரியாக 600 மி.மீ. தொலைவில், தண்டியின் குறுக்கே ஒரு பள்ளம் அறுத்து, மெல்லிய மரையாணியைப் பாதி புதையுமாறு வைத்தால் அதுவே மேரு. ஆணியின் மரைகளில் தந்திகள் நழுவாமல் அமரும். மேருவுக்கு அப்பால் மிஞ்சும் 21 செ.மீ. பகுதியைக் கனம் குறைத்து முறுக்காணிகளைப் பொருத்துங்கள்.

இனி மெட்டுகள். இங்கேதான் பலர் தவறுவர். தந்தியின் அதிர்வெண் அதன் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பது மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் 1636 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் காணும் விதி. நீங்கள் சுரமானியில் செய்து பார்ப்பது. தந்தியைப் பாதியாக்கினால் மேல் சட்ஜம் பிறக்கும். கீழ்ச் சட்ஜத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் இடையே 12 சமமான படிகள் வைப்பது கிதாரின் முறை. ஒவ்வொரு படியிலும் தந்தியின் நீளம் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். கலிலியோவின் தந்தையார் வின்சென்சோ கலிலி ஓர் இசையறிஞர். 1581 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் லூட் என்ற கருவிக்கு ஓர் எளிய வழி கூறினார்: எஞ்சிய நீளத்தை 18 பங்காக்கி, ஒரு பங்கு தள்ளி மெட்டு வை என்பதே அது. 12 முறை இவ்வாறு செய்தால் எஞ்சும் நீளம் 300 மி.மீ. ஆக வேண்டும், ஆனால் 302 மி.மீ.க்குச் சற்றே மிகுதியாக வரும். 18க்குப் பதிலாக 17.817 ஆல் வகுத்தால் கணக்குச் சரியாகும்.

600 மி.மீ. நீளத்துக்கு, மேருவிலிருந்து மெட்டுகளின் தொலைவை மில்லிமீட்டரில் வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: 33.7, 65.5, 95.5, 123.8, 150.5, 175.7, 199.5, 222.0, 243.2, 263.3, 282.2, 300.0. எல்லாவற்றையும் மேருவிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டை அளந்து சென்றால், ஒவ்வொரு முறையும் நேரும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். இது மெட்டுக்கு மட்டும் உரிய பாடமன்று.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். ஏழாம் மெட்டு 199.5, ஏறத்தாழ 200. அங்கே எஞ்சும் தந்தி மூன்றில் இரண்டு பங்கு, அதுவே பஞ்சமம். ஐந்தாம் மெட்டில் எஞ்சுவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. அது சுத்த மத்தியமம். ஆனால் நான்காம் மெட்டைப் பாருங்கள். தூய அந்தர காந்தாரம் ஐந்தில் நான்கு பங்கு நீளத்தில் பிறக்கும்; அதற்கு மெட்டு 120 மி.மீ.இல் இருக்க வேண்டும். கிதார்க் கணக்கோ 123.8 என்கிறது. ஏறத்தாழ 4 மி.மீ. வேறுபாடு! தம்புரா ஒலிக்கும்போது இந்த மெட்டை அழுத்தினால் காந்தாரம் சற்று உயர்ந்திருப்பது செவிக்குப் புலப்படும். 12 படிகளையும் சமமாக்கியதற்கு நாம் கொடுக்கும் விலை அது. நம் வீணைக்கு 24 மெட்டுகளையும் மெழுகில் அமைப்பவர்கள் செவியால் கேட்டே ஒவ்வொன்றையும் நகர்த்தி நிறுத்துகிறார்கள்.

மெட்டுக்குக் கடையில் கம்பி கிடைக்கும்; மெல்லிதாகச் சீவிய மூங்கில் குச்சியும் போதும். குச்சிகளைக் குறித்த இடங்களில் ஒட்டி, எல்லாம் ஒரே உயரமாகும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். தொடக்கத்தில் மெட்டே வேண்டாம் என்பவர்கள் தண்டியில் கோடுகள் மட்டும் வரைந்துகொண்டு, வழவழப்பான ஒரு கண்ணாடிக் குழலைத் தந்தியின்மேல் சறுக்கி வாசிக்கலாம். நம் கோட்டு வாத்தியம் வாசிக்கும் முறையும் இதுவே. அப்போது காந்தாரத்தை 120இலேயே நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு.

தந்திகளைக் கட்டுங்கள். கிதாரின் ஐந்தாம் தந்தியை இரண்டு படி இறக்கினால் சட்ஜம்; நான்காம் தந்தி பஞ்சமம்; மூன்றாம் தந்தி மேல் சட்ஜம். அமெரிக்கக் கிராமத்துச் சிறுவனும் நம் தம்புராவும் ஒரே சுருதியில் வந்து நிற்பதைக் காண வியப்பாக இருக்கிறதன்றோ?

இந்த இடத்தில் நான் இரண்டாம் முறை தவறினேன். குதிரையைச் சரியாக 600 மி.மீ.இல் வைத்துப் பசையிட்டு ஒட்டிவிட்டேன். வெறுந்தந்தி சரியாக ஒலித்தது. மெட்டில் அழுத்தினால் ஒவ்வொரு சுரமும் சிறிது உயர்ந்து ஒலித்தது. மீண்டும் பழைய எண்ணம் தலைதூக்கியது: 'இது நமக்கு ஆகாது.' ஆனால் இம்முறை கருவியை மூலையில் எறியவில்லை. காரணம் என்ன என்று கேட்டேன். விரலால் அழுத்தும்போது தந்தி கீழே வளைகிறது. வளைவதால் சற்று இழுபடுகிறது. இழுப்பு மிகுந்தால் சுரம் உயரும். அதை ஈடு செய்யக் குதிரையைச் சிறிது பின்னே தள்ள வேண்டும். ஆகவே குதிரையை ஒட்டாதீர்கள். தந்தியின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் ஒரு சுரம் கேட்கும். அங்கேயே அழுத்தி மீட்டினால் ஒரு சுரம் கேட்கும். இரண்டும் ஒன்றாகும்வரை குதிரையை நகர்த்துங்கள். என் கருவியில் 2 மி.மீ. நகர்த்த வேண்டியிருந்தது. அளவுகோல் உங்களை வாயில்வரை கொண்டுவந்து விடும். உள்ளே அழைத்துச் செல்வது செவிதான்.

கருவி ஆயத்தமாயிற்று. முதலில் என்ன வாசிப்பது? முதல் தந்தியில் வெறுந்தந்தி, பின்னர் 2, 4, 7, 9, 12 ஆம் மெட்டுகள். வாசித்துப் பாருங்கள். அது மோகனத்தின் ஆரோகணம். அமெரிக்க நாட்டுப்பாடல்கள் பலவும் இதே ஐந்து சுரங்களில் நடப்பவையே.

நான் முதன்முதலாக அதை வாசித்தபோது எனக்கு 65 வயது. விரல்கள் தடித்துவிட்டன, வேகம் வராது. இன்றும் அந்த ஐந்து சுரங்களைப் பிழையின்றி வாசிப்பதே எனக்குப் பெரிய காரியம். 14 வயதில் பெட்டி ஏன் உடைந்தது என்று கேட்டிருந்தால் இதைவிட நன்றாக வாசித்திருப்பேன் என்பது மட்டும் உறுதி.

நண்பர்களே, உங்களுள் யாருக்கேனும் கருவி வாங்க வசதி இல்லாமல் இருக்கலாம். ஒரு பெட்டியும் ஒரு சட்டமும் கிடைத்தால் இந்த விடுமுறையில் செய்து பாருங்கள். ஒருவேளை அது உடையலாம். உடைந்தால், அதைக் கையில் எடுத்து, எங்கே உடைந்தது என்று பாருங்கள். உங்களைப் பற்றிய முடிவு எதையும் அன்று செய்துவிடாதீர்கள்.